கோர்ஃபு நகரில் கிரேக்க ஈஸ்டர்: போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கிரேக்க நாட்டின் வடமேற்கு மூலையில், அல்பேனியக் கரைக்கு எதிரே இருக்கிறது கோர்ஃபு தீவு. கிரேக்கர்கள் கெர்கிரா என்பார்கள். தீவுக்கும் அதன் பழைய நகரத்துக்கும் ஒரே பெயர். இரண்டு ஈஸ்டருக்கு அந்த நகரத்தில் இருந்திருக்கிறேன். அதிலிருந்து, போகிற எண்ணம் உள்ளவர்கள் யாராவது வருடா வருடம் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை காலையில் அங்கே பால்கனிகளிலிருந்து மண்பானைகளைத் தெருவில் போட்டு உடைப்பார்கள். முக்கால்வாசிப் பேர் கேட்பது அதைப் பற்றித்தான். அதற்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் பானையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதாக இருந்தால் அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்பேன். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

காலண்டரில் ஈஸ்டர் தேதியைப் பார்த்து டிக்கெட் போட்டால் போதுமா?

போதாது. பலர் சறுக்குவது இங்கேதான். கிரேக்கர்கள் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். ஈஸ்டரைக் கணக்கிட இன்னும் பழைய ஜூலியன் காலண்டரையே வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுச் சுவரில் தொங்குவது கிரிகோரியன் காலண்டர். சில வருடம் இரண்டு ஈஸ்டரும் ஒரே நாளில் வரும், சில வருடம் ஒரு வாரம் தள்ளி வரும், சில வருடம் ஐந்து வாரம் தள்ளி வரும். 2025ல் இரண்டுமே ஏப்ரல் 20. 2026ல் மேற்கத்திய ஈஸ்டர் ஏப்ரல் 5, கிரேக்க ஈஸ்டர் ஏப்ரல் 12. 2027ல் மார்ச் 28, மே 2. 2028ல் மறுபடியும் இரண்டும் ஏப்ரல் 16.

என் அக்கா குடும்பம் 2024ல் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்து மார்ச் 31ஐ ஒட்டி டிக்கெட் போட்டுவிட்டார்கள். அந்த வருடம் கிரேக்க ஈஸ்டர் மே 5. போய் இறங்கினால் ஊர் தவக்காலத்தின் நடுவில் இருந்தது. பாதி ஓட்டல்கள் சீசனுக்கு இன்னும் திறக்கவில்லை. பவனியும் இல்லை, பானையும் இல்லை. ஊர் அழகாகத்தான் இருந்ததாம், ஆனாலும் குழந்தைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றாள்.

தீவில் கத்தோலிக்கர்களும் இருக்கிறார்கள். அவர்களும் ஆர்த்தடாக்ஸ் தேதியிலேயே கொண்டாடுவதால் அந்த வாரம் ஊர் முழுக்க ஒரே திருவிழா.

ஐரோப்பாவில் எத்தனையோ பழைய ஊர்கள் இருக்க, ஏன் கோர்ஃபு?

ஊரின் வரலாறே பவனியில் நடந்து வருவதால். 1386 முதல் 1797 வரை, நானூறு வருடத்துக்கும் மேல், வெனிஸ் ஆட்சி. 1537லும் 1716லும் துருக்கிப் படை முற்றுகையிட்டது, நகரம் வீழவில்லை. பிறகு பிரெஞ்சுக்காரர்கள். 1815 முதல் 1864 வரை பிரிட்டிஷார். அதற்கப்புறம்தான் கிரேக்கத்தோடு சேர்ந்தது. கோட்டைச் சுவருக்குள் இடம் போதாமல் வெனிஸ் காலத்து வீடுகளை உயரமாக அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் இரண்டு ஆள் தோள் உரசாமல் நடக்க முடியாத சந்துகள், அவற்றுக்குக் காந்தூனியா என்று பெயர். எதிரெதிர் வீட்டு ஜன்னலுக்குக் கயிறு கட்டித் துணி காயப்போடுகிறார்கள். இந்தப் பழைய நகரத்தை யுனெஸ்கோ 2007ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கிரேக்கத்தின் மற்ற ஊர்களில் ஈஸ்டர் கோயிலுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் நடக்கும். இங்கே இத்தாலியப் பழக்கமும் கிரேக்க வழிபாடும் கலந்து, எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டது. கூடவே இசை. அதற்குத் தனியாகவே பதில் எழுத வேண்டும்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

வியாழன் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்து திங்கள் வரை இருங்கள். சனிக்கிழமை காலை மட்டும் கப்பலில் வந்து பானை உடைவதைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்புகிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் பார்ப்பது சில நிமிடச் சத்தம். வெள்ளிக்கிழமை அந்த ஊர் துக்கம் காத்ததைப் பார்க்காதவருக்குச் சனிக்கிழமை அது ஏன் அவ்வளவு வெறியோடு உடைக்கிறது என்று புரிய வழியில்லை.

ஒரு வாரம் லீவு கிடைக்குமென்றால் ஈஸ்டருக்கு முந்திய ஞாயிறான குருத்தோலை ஞாயிறன்றே போய்விடுங்கள். அன்று ஊரின் பாதுகாவலர் புனித ஸ்பிரிடோனின் திருவுடலைப் பவனியாக எடுத்து வருகிறார்கள். 1629ல் வந்த கொள்ளைநோயிலிருந்து ஊர் தப்பியதற்கு நன்றியாக 1630 முதல் நடப்பது. வருடத்தில் அவருக்கு நான்கு பவனி. அவற்றில் நீளமானது இதுதான்.

பெரிய வெள்ளியன்று என்ன நடக்கும்? எங்கே நிற்பது நல்லது?

கிறிஸ்துவின் உடலை அடக்கம் செய்த நிகழ்வை நினைத்து, பூவால் மூடிய மரப் பாடை ஒன்றை ஒவ்வொரு கோயிலும் வெளியே எடுக்கும். அதற்கு எபிதாஃபியோஸ் என்று பெயர். மதியத்தில் ஆரம்பித்து, ஒரு கோயில் முடிந்தால் அடுத்தது என்று வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றோடும் ஒரு பாடகர் குழு, ஒரு வாத்தியக் குழு, மெழுகுவர்த்தியோடு அந்தத் தெருக்காரர்கள். கடைசியாக இரவு பத்து மணிவாக்கில் பேராலயத்தின் எபிதாஃபியோஸ் கிளம்பும். அதோடு நகரத்தின் மூன்று பெரிய வாத்தியக் குழுக்களும் நடக்கும்.

பெரும்பாலானோர் ஸ்பியானாதா சதுக்கத்தில் இடம் பிடிக்கிறார்கள். நான் சொல்வது வேறு. ஏதாவது ஒரு குறுகிய சந்தின் முனையில், சுவரோடு ஒட்டி நில்லுங்கள். முதலில் சத்தம் மட்டும் வரும். எங்கிருந்து என்று தெரியாது, கல் சுவர்கள் அதை இங்கும் அங்கும் உருட்டிவிடும். பிறகு மெழுகு வாசனை. அப்புறம் திருப்பத்தில் வெளிச்சம். ஒரு வருடம் என் பக்கத்தில் ஒரு பாட்டி நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பாடை அருகே வந்ததும் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, கையில் கிண்ணத்தில் இருந்த பூவிதழை அள்ளிப் போட்டார். அது கடந்து போனதும் மறுபடி உட்கார்ந்து, கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த கோயிலுக்குக் காத்திருந்தார். டியூபா வாசிப்பவர் சந்தில் திரும்பும்போது அந்தப் பித்தளை வாய் என் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் போயிற்று. அந்த ஒலியை நெஞ்சுக்கூட்டில் உணர முடிந்தது.

நேர அட்டவணையை அந்த வாரம் நகராட்சி வெளியிடும், ஓட்டலில் கேட்டால் தருவார்கள். கோயில் வாரியாக நேரம் போட்டிருக்கும். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாத்தியக் குழு என்றால் பேண்டா? எதற்கு அவ்வளவு முக்கியம்?

ஊர்க்காரர்கள் அதைப் பில்ஹார்மோனிக் என்கிறார்கள். பித்தளைக் குழல்கள், கிளாரினெட், முரசு எல்லாம் கொண்ட பெரிய அணி. பிரிட்டிஷார் ஆண்ட காலத்தில் புனிதரின் பவனிக்கு அவர்களுடைய ராணுவ பேண்ட் வாசித்துவந்தது. ஒரு கட்டத்தில் இனி வராது என்று நிறுத்திவிட்டார்கள். அப்படியானால் எங்கள் புனிதருக்கு நாங்களே வாசித்துக்கொள்கிறோம் என்று ஊர்க்காரர்கள் 1840ல் தங்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதுதான் பழைய பில்ஹார்மோனிக். அதன் முதல் இசை இயக்குநர் நிக்கோலாஸ் மான்ட்சாரோஸ். கிரேக்க தேசிய கீதத்துக்கு இசையமைத்தவர் அவர்தான். அவர் பெயரிலேயே 1890ல் இன்னொரு சங்கம் வந்தது. மூன்றாவது, கிரேக்கத்தின் முதல் ஆட்சித்தலைவரும் இந்த ஊர்க்காரருமான கபோதிஸ்திரியாஸ் பெயரில் 1980ல் வந்தது. இவை போகத் தீவின் கிராமங்களிலும் தனித்தனியாகப் பில்ஹார்மோனிக்குகள் உண்டு. சங்கங்கள் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுக்கொடுக்கின்றன. பன்னிரண்டு வயதுப் பெண் கிளாரினெட்டோடு வரிசையில் நடப்பாள், பின்னாலேயே அவளுடைய தாத்தா முரசடித்து வருவார்.

பழைய பில்ஹார்மோனிக்கைச் சிவப்பு என்றும் மான்ட்சாரோஸை நீலம் என்றும் ஊரில் கூப்பிடுவார்கள். பரம்பரை பரம்பரையாக ஒரு வீடு இந்தக் கட்சி அல்லது அந்தக் கட்சி. வெள்ளி இரவு சிவப்பு வாசிப்பது அல்பினோனி பெயரில் வழங்கும் அடாஜியோ என்ற மெதுவான இசை. நீலம் வாசிப்பது வெர்டியின் சவ ஊர்வல இசை. கபோதிஸ்திரியாஸ் குழு மரியானியின் எலெஜி என்ற இரங்கல் இசையை வாசிக்கும். இந்த மூன்றையும் போவதற்கு முன்பே ஒரு தடவை கேட்டு வையுங்கள். இருட்டில் தூரத்திலிருந்து வரும்போது எந்தக் குழு வருகிறது என்று உங்களுக்கே பிடிபடும். அப்போது நீங்களும் கொஞ்சம் ஊர்க்காரர் ஆகிவிடுவீர்கள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நிலநடுக்கம் என்கிறார்களே?

செயற்கை நிலநடுக்கம். மத்தேயு நற்செய்தியில் உயிர்ப்பின்போது பூமி அதிர்ந்ததாக வருகிறதல்லவா, அதை வெளியூராரின் அன்னை என்னும் கோயிலில் சத்தத்தால் நிகழ்த்திக் காட்டுவார்கள். கோயில் சின்னது. ஐந்தரைக்குப் போனால்தான் உள்ளே இடம். முந்திய இரவு நள்ளிரவு வரை நின்றவர்களுக்கு எழுந்திருப்பது சிரமம். விட்டுவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. ஒன்பது மணிப் பவனிதான் முக்கியம்.

ஒன்பது மணிப் பவனியில் அப்படி என்ன?

மற்ற எல்லாக் கோயிலும் வெள்ளியன்று எபிதாஃபியோஸை எடுக்க, புனித ஸ்பிரிடோன் கோயில் மட்டும் சனிக்கிழமை காலை எடுக்கிறது, புனிதரின் திருவுடலோடு சேர்த்து. 1574ல் வெனிஸ் ஆட்சியாளர்கள் கலகம் வரும் என்று பயந்து வெள்ளிக்கிழமைப் பவனிகளுக்குத் தடை போட்டார்கள். மறுநாள் புனிதருக்கு எப்படியும் ஒரு பவனி உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் பஞ்சத்தின்போது தானியக் கப்பல்களை அவர் இந்தத் துறைமுகத்துக்குத் திருப்பிவிட்டதாக நம்பி நடத்தும் பவனி அது. அதிலேயே பாடையையும் சேர்த்துவிட்டார்கள். தடை போய் எத்தனையோ காலம் ஆகியும் பழக்கம் அப்படியே நிற்கிறது.

ஸ்பிரிடோன் நான்காம் நூற்றாண்டில் சைப்ரஸ் தீவில் ஆயராக இருந்தவர். 1453ல் கான்ஸ்டான்டினோபிள் வீழ்ந்தபின் ஒரு குரு அவர் திருவுடலைக் கொண்டுவர, அது கடைசியில் இந்த ஊரில் வந்து சேர்ந்தது. ஊரில் பாதி ஆண்களுக்குப் பெயர் ஸ்பிரோஸ். பவனியில் அவரைப் படுக்கவைத்து எடுப்பதில்லை. கண்ணாடிப் பல்லக்கில் நின்ற நிலையில் வருவார். கறுத்துச் சுருங்கிய முகம், ஒருபக்கம் லேசாகச் சாய்ந்த தலை. காலில் பட்டுத் துணியில் தைத்த செருப்பு. அவர் ராத்திரியில் ஊருக்குள் நடந்து துன்பப்படுபவர்களைப் போய்ப் பார்ப்பதால் செருப்பு தேய்ந்துபோகிறது என்றும், அதனால்தான் மாற்றவேண்டியிருக்கிறது என்றும் சொல்வார்கள். பல்லக்கு நெருங்கும்போது அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். போனை இறக்கிவிடுங்கள், அந்த ஒரு நிமிடம் மட்டுமாவது.

அன்று பீத்தோவனின் மூன்றாம் சிம்பொனியிலிருந்து சவ ஊர்வல இசையும், பழைய பில்ஹார்மோனிக் வாசிக்கும் ஃபாச்சியோவின் ஹாம்லெட் இசையும் கேட்கக் கிடைக்கும். வெள்ளி இரவைவிட இந்தக் காலைதான் எனக்கு நெருக்கம்.

சரி, பானை. எத்தனை மணிக்கு, எங்கே நிற்பது?

சரியாகப் பதினொரு மணிக்கு. முதல் உயிர்ப்பு என்று சொல்லும் வழிபாடு முடிந்து கோயில் மணிகள் அடிக்கத் தொடங்கியதும், சிவப்புத் துணி கட்டிய பால்கனிகளிலிருந்து மண்பானைகளைத் தூக்கித் தெருவில் போடுவார்கள். பானைக்கு அங்கே போதிஸ் என்று பெயர். குறுகிய வாய், இரண்டு கைப்பிடி, கழுத்தில் சிவப்பு ரிப்பன், உள்ளே முழுக்கத் தண்ணீர். கைக்கு அடக்கமாகவும் இருக்கும், நான்கு பேர் சேர்ந்து கைப்பிடிச் சுவருக்கு ஏற்றவேண்டிய அளவிலும் இருக்கும்.

பெரியது விழும்போது என்ன ஆகிறதென்றால், சத்தத்துக்கு முன்னால் ஒரு கணம் கூட்டமே மூச்சைப் பிடிக்கும். பானை காற்றில் மெதுவாகப் புரண்டு வாயிலிருந்து ஒரு நாக்கு தண்ணீர் வெளியே நீளும். அப்புறம் கல்லில் அடித்து, குண்டு வெடித்தது போல ஒரு சத்தம், முழங்கால் வரை ஈரம், செம்மண் வாசனை. உடனே அடுத்தது. சில நிமிடம் விடாமல் விழும். முடிந்ததும் வாத்தியக் குழுக்கள் முந்திய இரவின் சோகத்தையெல்லாம் உதறிவிட்டு, "அஞ்சாதீர்கள் கிரேக்கரே" என்னும் துள்ளலான அணிநடையை வாசித்துக்கொண்டு ஓடாத குறையாக வரும். அந்த மாற்றத்தைக் கேட்கும்போது வெள்ளியன்று அங்கே நின்றவர்களின் கண் கலங்கிவிடும்.

நிற்க ஏற்ற இடம்: லிஸ்டன் என்ற வளைவு மண்டபத்துக்கு எதிரே, ஸ்பியானாதாவின் புல்வெளிப் பக்கம். ஒன்பதரைக்குள் போய்விடுங்கள். பால்கனிகளுக்குக் கீழே கயிறு கட்டித் தடுத்திருப்பார்கள், அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள். ஓட்டுச் சில் தெறித்து வரும். மூடிய ஷூ கட்டாயம்.

எதற்காக உடைக்கிறார்கள்?

வெனிஸ்காரர்கள் புத்தாண்டில் பழைய சாமான்களை ஜன்னல் வழியே எறிவார்கள், அதை கிரேக்கர்கள் ஈஸ்டருக்கு மாற்றிக்கொண்டார்கள் என்பது ஒரு விளக்கம். கல்லறை உடைந்ததன் அடையாளம், சாவை அச்சுறுத்தும் சத்தம் என்பது இன்னொன்று. வசந்தம் பிறப்பதற்கான அதைவிடப் பழைய சடங்கு என்பாரும் உண்டு. பால்கனியில் நிற்கும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், அம்மா உடைத்தார், பாட்டி உடைத்தார் என்பார்கள்.

அதே நேரத்தில் கடைத்தெருவில் பீனியா என்ற சந்திப்பில் இன்னொன்று நடக்கும். பூவும் இலையும் சுற்றிய மரப்பீப்பாயில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள். போகிறவர்கள் காசு போடுவார்கள். மணியடித்ததும் ஒருவர் அதற்குள் குதித்து முழுகிக் காசை அள்ளுவார். அந்தக் காலத்தில் அகப்பட்டவரைப் பிடித்துத் தள்ளுவார்களாம்.

சின்னக் குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிப் போகலாமா?

பவனிகளுக்குத் தாராளமாக. பானைக்கு, மூன்று நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையைக் கூட்டத்துக்குள் கொண்டுபோக வேண்டாம். சத்தம் அவ்வளவு. காதுக்கு மாட்டும் மஃப் வாங்கிக்கொண்டு சதுக்கத்தின் தூரத்து ஓரத்தில் நிற்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பதினொரு மணி நெரிசலைவிட வெள்ளி மாலை நல்லது. ஏதாவது ஒரு காப்பிக் கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே நான்கு பவனி பார்த்துவிடலாம். தள்ளுவண்டி சந்துப் படிகளில் படாத பாடு படும்.

சனி இரவு?

மேல் சதுக்கத்தில் இருக்கும் இசை மேடையைச் சுற்றி எல்லோரும் அணைந்த மெழுகுவர்த்தியோடு கூடுவார்கள். பதினொன்றரைக்கெல்லாம் நிற்க இடமிருக்காது. நள்ளிரவில் ஆயர் "கிறிஸ்தோஸ் அனேஸ்தி", அதாவது கிறிஸ்து உயிர்த்தார், என்று அறிவித்ததும் ஒருவர் திரியிலிருந்து அடுத்தவர் திரிக்கு நெருப்பு போகும். முன்பின் தெரியாதவர் உங்கள் மெழுகைப் பற்றவைத்துவிட்டுக் கன்னத்தோடு கன்னம் வைத்து வாழ்த்துவார். சுற்றியுள்ள உயரமான வீடுகளின் ஜன்னல்களிலும் மெழுகு எரியும். அப்புறம் பழைய கோட்டையிலிருந்து வாணவேடிக்கை.

வாணவேடிக்கை முடிந்ததும் ஓட்டலுக்கு ஓடிவிடாதீர்கள். குடும்பங்கள் கையால் காற்றை மறைத்துக்கொண்டு அந்தச் சுடரை அணையாமல் வீடு வரை எடுத்துப்போவதைப் பாருங்கள். வாசல் நிலையின் மேல் அந்தப் புகையாலேயே ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பழைய வீட்டு நிலைகளில் போன வருடக் கரி இன்னும் மங்கலாகத் தெரியும்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. கோயிலுக்குள் போகலாமா?

போகலாம். யாரும் தடுக்கமாட்டார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை, ஆண்களுக்குத் தொப்பி கூடாது, ஃபிளாஷ் கூடாது. மெழுகுவர்த்திக்கு உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டு ஒன்றை ஏற்றிவையுங்கள். பாடை வரும்போது குறுக்கே ஓடிப் படம் எடுக்காதீர்கள். திருவிருந்து அப்பம் ஆர்த்தடாக்ஸ் ஆட்களுக்கு மட்டும், அந்த வரிசையில் நிற்க வேண்டாம். நம் கத்தோலிக்கர்களுக்கும் இது பொருந்தும்.

சைவம் கிடைக்குமா?

வருடத்தில் சைவக்காரர்களுக்கு இதைவிட நல்ல வாரம் அமையாது. நோன்புக் காலமாதலால் சனி இரவு வரை கறி, பால், முட்டை எதுவும் சேர்க்காத சாப்பாடு எல்லாக் கடையிலும் உண்டு. "நிஸ்தீசிமோ" என்று கேளுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. இறால், கணவாய், ஆக்டோபஸ் எல்லாம் நோன்புக்கு ஆகும் என்பது அவர்கள் வழக்கம். அதனால் நிஸ்தீசிமோ என்றதோடு விடாமல் கடல் உணவும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள்.

எண்ணெயில் வதக்கிய காய்கறி, தக்காளிச் சாறில் வெந்த பெரிய மொச்சை, திராட்சை இலையில் சோறு சுற்றியது, எள் ஹல்வா எல்லாம் கிடைக்கும். தீவுக்கே உரியது த்ஸிகாரெல்லி. காட்டுக் கீரைகளைக் காரமான மிளகாய்த் தூளோடு வதக்குவது. காரம் இல்லாத நாட்டில் நாலு நாள் இருந்தபின் அதை ரொட்டியோடு வாயில் வைத்தால் உயிர் திரும்பும். மீன் சாப்பிடுகிறவர்கள் பூர்தேத்தோ கேளுங்கள். சிவக்கச் சிவக்க மிளகாய் போட்ட மீன் குழம்பு.

நோன்பு முடிந்ததும் என்ன சாப்பிடுவார்கள்?

நள்ளிரவுக்குப் பின் ஆட்டுக் குடல், ஈரலோடு கீரையும் முட்டை-எலுமிச்சையும் சேர்த்த சூப். கிரேக்கத்தில் மயிரீத்ஸா, இங்கே த்ஸிலிஹூர்தா. ஞாயிறன்று ஆட்டுக்கறி. பேக்கரிகளில் ஃபோகாத்ஸா என்னும் இனிப்பு ரொட்டியும், புறா வடிவில் பின்னி நடுவில் சிவப்பு முட்டை பதித்த கொலொம்பீனாவும் குவிந்திருக்கும். சிவப்பு முட்டையை ஆளுக்கொன்று எடுத்து முட்டி, உடையாமல் நிற்பவருக்கு அந்த வருடம் அதிர்ஷ்டம் என்பார்கள். கும்குவாட் என்ற குட்டி ஆரஞ்சில் செய்த மிட்டாய் ஊருக்குக் கொண்டுவர நல்லது, கெடாது.

விசா?

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு பதினைந்து நாள். கடைசிவரை காத்திருக்காதீர்கள், ஈஸ்டருக்கு முன் நேரம் கிடைப்பதே கஷ்டம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 வயது முதல் 12 வயது நிறையாத பிள்ளைகளுக்கு 45, 6 வயதுக்குக் கீழே இலவசம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால் அதிக நாள் தங்கும் நாட்டில்தான் விண்ணப்பம்.

எப்படிப் போய்ச் சேர்வது?

ஏதென்ஸ் வரை விமானம், அங்கிருந்து இன்னொரு விமானத்தில் ஒரு மணி நேரம். கோர்ஃபு விமான நிலையம் பழைய நகரத்துக்கு மிக அருகில். அல்லது ஏதென்ஸிலிருந்து பஸ்ஸில் இகூமெனிட்சா துறைமுகம், பிறகு ஒன்றரை, இரண்டு மணி நேரக் கப்பல். ஏதென்ஸில் இருப்பவர்கள் பாதிப் பேர் பெரிய வியாழனன்று சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். பொங்கலுக்குச் சென்னை காலியாவதை நினைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

எங்கே தங்குவது?

பழைய நகரத்துக்குள் அறை கிடைத்தால் விலை கூடுதலானாலும் எடுங்கள், ஏனென்றால் அந்த நாட்களில் காருக்கு நகரம் மூடியிருக்கும். ஆறு மாதம் முன்பே நிரம்பிவிடும், குறைந்தது மூன்று இரவு என்று நிபந்தனை போடுவார்கள். அடுத்து நல்லது காரித்ஸா விரிகுடாவை ஒட்டிய பகுதி, கடலோரமாகவே நடந்து வந்துவிடலாம். கடற்கரை ரிசார்ட்டுகள் மலிவாக இருக்கும். ஆனால் நள்ளிரவில் திரும்ப பஸ் இருக்காது. ஒரு தடவை அப்படித் தங்கி, ஒத்துக்கொண்ட டாக்ஸி வராமல் இரண்டு மணி வரை தெருவில் நின்றிருக்கிறோம்.

வானிலை, உடை?

கிரேக்கத்திலேயே மழை அதிகமான தீவுகளில் ஒன்று, பச்சைப் பசேலென்று இருப்பதற்குக் காரணம் அதுதான். ஏப்ரலில் பகல் இதமாக இருக்கும், இரவு ஜாக்கெட் இல்லாமல் நிற்க முடியாது. மெல்லிய மழைக்கோட்டு வையுங்கள், குடை கூட்டத்தில் இடைஞ்சல். தேய்ந்த கல் பாவிய தெருக்கள், ஈரத்தில் வழுக்கும்.

கடைகள் திறந்திருக்குமா?

வெள்ளியன்று காலையில் மூடியிருக்கும், ஞாயிறும் திங்களும் பெரும்பாலும் முழுக்க மூடல். தண்ணீர், பழம், மருந்து எல்லாம் வியாழனே வாங்கிவிடுங்கள். அவசர எண் 112.

ஞாயிறு, திங்களில் என்ன பார்க்கலாம்?

நடங்கள். ஸ்பியானாதாவில் ஒரு பக்கம் கிரிக்கெட் மைதானம். 1823 முதல் அங்கே கிரிக்கெட் ஆடுகிறார்கள், பிரிட்டிஷார் விட்டுப்போனது. த்ஸித்ஸிபீரா என்று ஓர் இஞ்சி பானமும் விட்டுப்போயிருக்கிறார்கள், வெயிலுக்கு நன்றாக இருக்கும். சதுக்கத்தின் வடக்கே பிரிட்டிஷ் ஆணையருக்காகக் கட்டிய அரண்மனைக்குள் ஆசியக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. கிரேக்கத்தில் ஆசியக் கலைக்கென்றே உள்ள அருங்காட்சியகம் அது, இந்தியச் சிற்பங்களும் உண்டு. விடுமுறையில் எந்த நாள் திறப்பார்கள் என்று முன்பே விசாரியுங்கள்.

புதிய கோட்டைக்கு அருகில் யூதர் தெருக்களுக்கும் போங்கள். 1944 ஜூனில் இந்த ஊரின் யூதர்களை, ஏறத்தாழ இரண்டாயிரம் பேரை, நாஜி ஜெர்மானியர்கள் பிடித்து ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். திரும்பியவர்கள் மிகச் சிலர். ஒரு குடும்பம் நிற்பது போன்ற நினைவுச் சிலை இருக்கிறது. கைக்குழந்தையோடு தாய், முகத்தைத் தகப்பன்மேல் புதைத்த சிறுவன். இரண்டு நாள் கொண்டாட்டத்துக்குப் பிறகு அங்கே போய்ச் சற்று நேரம் நிற்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

என்ன சொல்லி வாழ்த்துவது?

வெள்ளி, சனி: "கலீ அனாஸ்தாசி", நல்ல உயிர்ப்பு அமையட்டும் என்று பொருள். நள்ளிரவுக்குப் பின் யாராவது "கிறிஸ்தோஸ் அனேஸ்தி" என்றால், "அலிதோஸ் அனேஸ்தி" (மெய்யாகவே உயிர்த்தார்) என்று பதில் சொல்லுங்கள். கடைக்காரரின் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

உடைந்த பானைத் துண்டை எடுத்து வரலாமா?

வரலாம். ஊர்க்காரர்களே அதிர்ஷ்டம் என்று ஒரு சில்லை எடுத்துப்போவார்கள். உடைப்பு முழுவதும் நின்ற பிறகு குனியுங்கள், கடைசியில் தாமதமாக ஒன்று விழும். துண்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள். எங்கள் வீட்டு அலமாரியில் இருப்பது ஒரு கைப்பிடி. பானையோடு அதை ஒட்டிய இடத்தில், குயவர் கட்டைவிரலால் அழுத்திய பள்ளம் அப்படியே இருக்கிறது. என் விரலை வைத்தால் சரியாகப் பொருந்துகிறது.